புள்ளியைப் பாருங்க

கண் ஆஸ்பத்திரியின் அளவு அறையில் உட்காரும் அந்த அம்மாளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அது அவளுக்குத் தெரியாது என்று ஆஸ்பத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு நன்றாகவே தெரியும். முகத்துக்கு நேரே 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'கல்லு அக்கா'. புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் ஒருத்தி ஒருநாள் வாய் தவறி நேரிலேயே அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கல்லு அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சொல்லு" என்றாள். அவ்வளவுதான்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெயரை அவள் உழைத்துத்தான் சம்பாதித்தாள். கண்ணை அளக்கிற நேரத்தில் அவள் முகத்தில் ஒரு கோடு அசையாது. சிரிப்பு கிடையாது, சுளிப்பு கிடையாது, ஒரு 'ம்ஹூம்' கூடக் கிடையாது. வந்தவர்கள் வெளியே போய், "உம்மணாமூஞ்சி, ஆஸ்பத்திரிக்குன்னு தேடிப் பிடிச்சு வச்சிருக்காங்க" என்று திட்டுவார்கள். திட்டட்டும், அதற்கெல்லாம் அசைகிறவள் இல்லை.

விஷயம் இதுதான். பேனா மாதிரி ஒரு கருவி. அதன் நுனியைக் கருவிழியில் தொட்டும் தொடாமலும் வைத்தால், உள்ளே ஒலி போய்க் கண்ணின் பின்சுவரில் மோதித் திரும்பி வந்து, கண் எவ்வளவு நீளம் என்று திரையில் காட்டும். அந்த நீளத்தைக் கணக்கில் போட்டால்தான் எந்தப் பவர் லென்ஸ் வைக்கலாம் என்று தெரியும். கண் நீளமாக இருந்தால் பவரைக் குறைக்க வேண்டும், குட்டையாக இருந்தால் கூட்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தப்பினால் போச்சு, ஆள் ஆயுசுக்கும் அதைச் சுமக்க வேண்டியதுதான்.

அளக்கும்போது கண் நேராக நிற்க வேண்டும், சாய்ந்தால் நீளம் குறைவாகக் காட்டும். அதற்காகவே தன் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டி வைத்திருந்தாள். நல்ல கண் புள்ளியைப் பார்த்தால், கெட்ட கண்ணும் கூடவே நேராக நிற்கும். ஆனால் எதிரே ஒரு முகம் இருக்கும்போது மனுஷன் புள்ளியையா பார்ப்பான்? அளக்கிறவள் முகம் சுருங்குகிறதா மலர்கிறதா, நம் கண்ணுக்கு என்ன தலையெழுத்து என்று அதில்தான் தேடுவான். ஆகவே, தேடினால் ஒன்றும் கிடைக்காதபடி தன் முகத்தைத் துடைத்து வைத்துக்கொண்டாள். "புள்ளியைப் பாருங்க. என் முகத்தைப் பாக்காதீங்க." காலையிலிருந்து சாயங்காலம்வரை அவள் சொல்கிற வசனம் இது ஒன்றுதான்.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்கும் ஒரு பட்டப்பெயர்: 'பஞ்சு'. அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை, தோளில் தூங்குகிற குழந்தை முழிக்காது என்று பேர். கல்லும் பஞ்சும் சேர்ந்து குடித்தனம் நடத்துகிற வீடு என்று அவருடைய அக்கா, அதாவது இவளுடைய நாத்தனார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

கல்யாணமான புதிதில் அவள் இந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்தாள். பழகிப் பார்க்க ஒரு கண் வேண்டும், எந்த நோயாளி தன் கண்ணைப் பழகக் கொடுப்பான்? அவருடைய விடுமுறை நாட்களில் அவரைக் கூட்டிப்போய் உட்கார வைத்து அளப்பாள். அவர் சும்மா உட்காருகிற ஆளா? முகத்தை அஷ்டகோணலாக்கி அவளைச் சிரிக்க வைப்பார். "நீ சிரிச்சா என் கண்ணு அங்க ஓடுது, நான் என்ன பண்ண?" என்பார். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள அவள் பழகியதே அப்போதுதான். அந்தச் சிரிப்புக்கு நடுவே அளந்து அளந்து அந்த எண் அவளுக்குள் பதிந்துபோயிற்று. இருபத்து மூன்றரை மில்லிமீட்டர், இரண்டு கண்ணும் ஒரே அளவு. கல்யாண நாளை இரண்டொரு வருஷம் மறந்திருக்கிறாள். அந்த எண்ணை மறந்ததில்லை.

அப்படிப்பட்ட கண்ணைத்தான் ஒரு ரப்பர் கயிறு வந்து அடித்தது. பயணி ஒருவர் பஸ்ஸின் பின்னால் மூட்டையைக் கட்டத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார். இவர் இறங்கிப்போய், "விடுங்க, நான் கட்றேன்" என்று இழுத்து மாட்டினார். கொக்கி நழுவியது. இரும்புக் கொக்கி, இழுத்த வேகத்தில் நேராக வலது கண்ணில். உதவி செய்யப் போன இடத்தில், யாரைக் குறை சொல்ல?

உள்ளே லென்ஸ் கழன்று கண்ணின் அடியில் விழுந்துவிட்டது. அதைத் தாங்கி நிற்கிற மெல்லிய பை கிழிந்து கந்தலாகிவிட்டது. பின்சுவரில் விழித்திரை உரிந்துவிட்டது. அவசரமாகத் திறந்து விழுந்த லென்ஸை எடுத்தார்கள். மறுபடி திறந்து விழித்திரையை ஒட்டினார்கள். ஒட்டியது மறுபடி உரியாமல் இருக்க, கண்ணைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒரு சிலிக்கான் பட்டையை இறுக்கிக் கட்டினார்கள், இடுப்பில் பெல்ட் கட்டுகிற மாதிரி. கண் பிழைத்தது. ஆனால் லென்ஸ் இல்லாத கண், தண்ணீருக்குள் முழித்துப் பார்ப்பது போலத்தான். உருவம் தெரியும், முகம் தெரியாது.

டிரைவர் வேலைக்கு இரண்டு கண்ணும் வேண்டும், இரண்டும் சேர்ந்து ஒன்றாகப் பார்க்க வேண்டும். மருத்துவக் குழு பரிசோதித்துச் சரி என்றால்தான் ஸ்டியரிங். அதுவரை அவரை டிப்போவில் பஸ் கழுவுகிற இடத்தில் மேற்பார்வைக்கு உட்கார வைத்தார்கள். நேற்று லைசென்ஸ் எடுத்த பையன்களெல்லாம் வண்டியைச் சடக் சடக்கென்று நிறுத்துவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு சடக்குக்கும் இவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். வீட்டுக்கு வந்தால் கெண்டைக்கால் வலிக்கிறது என்பார். அவள் தேய்த்துவிடுவாள்.

"இன்னும் ஒரு ஆபரேஷன்தான" என்பார். "லென்ஸ் வச்சுட்டா முடிஞ்சுது. இல்லையா?"

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சாதாரணமாக லென்ஸ் அதற்கென்று இருக்கிற பையில் போய் உட்காரும். எங்கே உட்காரும் என்று கணக்குக்குத் தெரியும். பை இல்லாத கண்ணில் லென்ஸை வெள்ளை விழியின் சுவரோடு சேர்த்துப் பிணைத்துத் தொங்கவிட வேண்டும். எவ்வளவு ஆழத்தில் தொங்கும், எந்தப் பக்கம் சாயும் என்று தொங்கின பிறகுதான் தெரியும். அந்த ஆஸ்பத்திரியில் அதற்கொரு வழக்கம், வருகிற விடையில், அதாவது லென்ஸ் பவரில், அரை பாயிண்ட் கழித்துவிடுவார்கள். அரை கழிப்பதும் ஒரு நம்பிக்கைதான், அறிவு இல்லை. எனவே இந்த மாதிரி ஆபரேஷனுக்கு வருகிற எல்லாரிடமும் கல்லு அக்கா ஒரே மாதிரிதான் பேசுவாள். "கணக்கு ஒண்ணு சொல்லும், கண்ணு ஒண்ணு சொல்லும். ஒண்ணு ரெண்டு பாயிண்ட் முன்னப்பின்ன ஆகலாம். இப்பவே மனசுல வச்சுக்குங்க." யார் கெஞ்சிக் கேட்டாலும் இதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

வீட்டில் அவர் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னது: "நேரா வரும். நான்தான அளக்கப் போறேன்."

சொந்த வீட்டு ஆளைத் தானே அளக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். பக்கத்து மேஜையில் அளக்கிற பெண், இவளிடமே தொழில் கற்றவள், தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, மாமாவ நான் அளக்கட்டுமா?"

"வேண்டாம்."

"கை நடுங்கிடும்கா."

"எனக்கா?" என்றாள் கல்லு அக்கா.

கை நடுங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அந்தக் கை எப்போதும் போலத்தான் இருந்தது. வெளிச்சத்தை வைத்து அளக்கிற புது மிஷின் முதலில் மக்கர் செய்தது. அவருடைய கருவிழியில் தழும்பு, லென்ஸ் இல்லாத அந்தக் கண்ணுக்கு, பார்க்க வேண்டிய சிவப்பு விளக்கும் சரியாகப் பிடிபடவில்லை. சரி என்று பழைய பேனாவையே எடுத்தாள். மரத்துப்போக மருந்து விட்டாள். "புள்ளியைப் பாருங்க" என்றாள். தன் கண்களைத் திரையில் வைத்தாள்.

இருபத்து நாலரை என்று காட்டியது.

மறுபடி வைத்தாள். மறுபடியும் கிட்டத்தட்ட அதேதான். இது என்ன கண், யாருடைய கண் இது என்று தோன்றிவிட்டது. தனக்குத் தெரிந்த ஆளின் உடம்பில் தெரியாத ஒரு உறுப்பு இருப்பதுபோல. புருவம் முடிச்சுப் போட்டது. இன்னொரு தடவை, இன்னும் ஒரு தடவை. ஒன்றுக்கொன்று ஒட்டாமல் அளவு முன்னும் பின்னும் ஆடியது. ஆடி ஆடி, மெல்லக் குறைந்து, இருபத்து மூன்றரையில் வந்து நின்றது. மறுபடி வைத்தாள், இருபத்து மூன்றரை. அடுத்ததும் அதே. அலைந்து திரிந்த பிள்ளை வீட்டு வாசலில் வந்து நிற்கிற மாதிரி அப்படியே நின்றது.

"அப்படியே இருக்குங்க!" என்று அவளை அறியாமல் சொல்லிவிட்டாள். "கண்ணு அப்படியே இருக்கு. ஒண்ணும் ஆகல."

பக்கத்து மேஜைப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஒரு தடவ நானும் வச்சுப் பாக்கட்டுமாக்கா?"

"எதுக்கு? ஏற்கனவே செவந்து கெடக்கு, பாவம்" என்று பேனாவைத் துடைத்து வைத்தாள். நீளமாக வந்த அளவுகளை நீக்கினாள். இருபத்து மூன்றரைகளை மட்டும் வைத்துக்கொண்டாள். கணக்குப் போட்டாள். அரை கழித்தாள்.

வேறு யார் கண்ணாக இருந்தாலும் அவளுக்கு உடனே பொறி தட்டியிருக்கும். இடுப்பை இறுக்கினால் பலூன் நீள்கிற மாதிரி, பட்டை கட்டிய கண் நீளும். அதை அந்தப் பக்கத்து மேஜைப் பெண்ணுக்குப் பாடம் எடுத்தவளே இவள்தான். மற்றவர்களுக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பவள், தன் வீட்டு ஆள் என்றதும் பார்க்க ஆசைப்பட்டதை மட்டும் பார்த்தாள். அவருக்கு அடிபடவே இல்லை என்று அந்தத் திரை சொன்னது, அவள் நம்பிவிட்டாள். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன். அதனால் மட்டும் தப்பு சரியாகிவிடுமா என்ன?

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பெரிய டாக்டர் கை தேர்ந்தவர். வெளியே வந்து முகமூடியைக் கழற்றி, "அழகா உக்காந்திருக்கு" என்றார்.

சில நாட்களில் கண்ணில் சிவப்பு வடிந்தது. ஒருநாள் காலை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தவர், சொட்டு மருந்துப் பாட்டிலை எடுத்து, நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டார். பாட்டிலை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். அதன் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருந்ததை எழுத்து எழுத்தாகப் படித்தார். "குளிர்ந்த... இடத்தில்... வைக்கவும்!"

மகள் கை தட்டினாள். நாத்தனார் வந்திருந்தாள், அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எந்தம்பி கண்ணு வந்திருச்சு. உன் கை பட்டதுடி, அது வீண் போகுமா?" என்று கல்லு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். உள்ளே எல்லாம் இடிந்து விழுந்துகொண்டிருந்தது. செயற்கை லென்ஸ் வளையாது, நெளியாது. ஒரு தூரத்துக்குத்தான் அது தெளிவு. ரோட்டுக்கென்று அளந்து வைத்த கண், மூக்குக்குக் கிட்டே பிடித்த பொடி எழுத்தைப் படிக்கக் கூடாது. படித்தால், அந்தக் கண் ரோட்டைப் பார்க்காது.

"வாசல்ல நிக்கற வண்டி நம்பரப் படிங்க" என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ரொம்ப நேரம் பார்த்தார். "வண்டி நிக்குதா?" என்றார்.

மைனஸ் இரண்டே முக்கால். பரிசோதித்துச் சொன்னது பக்கத்து மேஜைப் பெண். பெரிய டாக்டர் மட்டும் கலங்கவில்லை. கண்ணாடி போட்டால் கடைசி வரிவரை படிக்கிறார், இப்படி அடிபட்ட கண்ணுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். "லென்ஸ் நாம நெனச்சதவிட முன்னாடி உக்காந்திருக்கும். பை இல்லாத கண்ணுல இது சகஜம்தான? உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அவளே எத்தனையோ பேரிடம் சொன்னதுதான்.

கண்ணாடி செய்து போட்டார்கள். ஒரு கண்ணுக்கு வெறும் கண்ணாடி, மறு கண்ணுக்கு இரண்டே முக்கால். தனித்தனியாக மூடிப் பார்த்தால் இரண்டும் தெளிவு. இரண்டையும் சேர்த்துத் திறந்தால்தான் கூத்து. ஒரு கண் காட்டுகிற உலகம் பெரியது, இன்னொன்று காட்டுவது சின்னது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார மாட்டேன் என்றன. படிக்கட்டில் இல்லாத படியில் கால் வைத்தார். தம்ளரில் ஊற்றிய தண்ணீர் மேஜையில் ஓடியது. பழகிவிடும் பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு திரிந்தார், குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தார், வாய் கழுவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். கருவிழி மேல் ஒட்டுகிற கான்டாக்ட் லென்ஸ் வாங்கிப் பார்த்தார்கள். தழும்பில் உரசிக் கண் கோவைப்பழமாகிவிட்டது.

அவள் பெரிய டாக்டரிடம் போய் நின்றாள். "லென்ஸை மாத்திட முடியாதா டாக்டர்?"

அவர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"பட்டை போட்ட கண்ணு. இதுவரைக்கும் மூணு தடவ தெறந்தாச்சு. நாலாவது தடவ தெறந்து விழித்திரை மறுபடி உரிஞ்சா, இருக்கற பார்வையும் போயிடும். நான் கை வைக்க மாட்டேன்மா. வேற யாராவது வைக்கறேன்னு சொன்னாலும் நீங்க விடாதீங்க."

மருத்துவக் குழுவின் முன்னால் அவர் இருட்டு அறையில் உட்கார்ந்தார். எதிரே ஒரு விளக்கு. எத்தனை விளக்கு தெரிகிறது என்று கேட்டார்கள். ஒன்று என்று சொல்லிவிடலாம் என்று வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டுதான் போனாராம். ஆனால், "ரெண்டு சார்" என்று சொல்லிவிட்டார். பஸ் நிறைய ஆட்களை உட்கார வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது இல்லையா என்று அவளிடம் பிறகு சொன்னார். பஞ்சு கடைசிவரை பஞ்சுதான். கழுவுகிற இடத்து வேலை அவருக்கு நிரந்தரமாயிற்று.

அதற்குப் பிறகு ஒருநாள் மதியம், அளவு அறையில் ஆள் இல்லாத நேரம், அவரை வரச்சொல்லி அந்த வெளிச்ச மிஷின் முன்னால் உட்கார வைத்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. இப்போது உள்ளே லென்ஸ் இருந்ததால் அந்தக் கண்ணுக்குச் சிவப்பு விளக்கு பிடிபட்டது. தழும்பின் ஓரமாக வெளிச்சம் வழி கண்டுபிடித்து உள்ளே போயிற்று. திரையில் எண் வந்தது.

இருபத்து நாலரை.

லென்ஸ் முன்னால் உட்காரவில்லை, சாயவும் இல்லை. கணக்கும் பொய் சொல்லவில்லை, டாக்டரின் கையும் தவறவில்லை. பட்டை இறுக்கிய கண் தன் நீளத்தை முதல் தடவையே ஒழுங்காகச் சொல்லியிருந்தது. அவள்தான் அதைத் தூக்கிப் போட்டாள்.

"என்ன, அப்படியே இருக்கா?" என்றார் அவர்.

"இருக்குங்க" என்றாள். "நீங்க வேலைக்குப் போங்க, நேரமாச்சு."

யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். இந்த மாதிரி ஆபரேஷனில் விடை தப்புவது சகஜம் என்று ஊருக்கே தெரியும். அந்தச் சகஜத்துக்குப் பின்னால் எத்தனை பெரிய தப்பும் ஒளிந்துகொள்ளலாம். அவளும் ஒளிந்துகொண்டாள், கொஞ்ச நாள். பெரிய டாக்டர்தான், தெரியாமலே, அவளை வெளியே இழுத்தார்.

சுவரோடு பிணைத்த லென்ஸ்களையெல்லாம் சேர்த்து அவர் ஒரு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பேருக்கு விடை எவ்வளவு தள்ளி வந்தது, எந்தப் பக்கம் தள்ளி வந்தது. அப்படிப் பார்த்தால் அடுத்து வருகிறவர்களுக்குக் குறியை இன்னும் சரியாக வைக்கலாம். நல்ல காரியம். அளவு அறைக்கு வந்து இரண்டு பெண்களையும் வைத்துக்கொண்டு சொன்னார். "மைனஸ் பக்கமாவே சாயுது பாருங்க. நம்ம டிரைவர் கேஸ்தான் எல்லாத்தையும்விட தூரம். இனிமே அரை பத்தாது. முக்காலாவது கழிக்கணும்."

கல்லு அக்கா எழுந்து நின்றாள். "அந்தக் கேஸை எடுத்துடுங்க டாக்டர்."

"ஏன்? நம்ம வீட்டு ஆளுன்னா?"

"அது லென்ஸ் தப்பு இல்ல. அளவு தப்பு. கண்ணு நாலரை. நான் மூணரைன்னு போட்டேன். அத நம்பி எல்லாருக்கும் கூடக் கழிச்சீங்கன்னா, வர்றவங்க கண்ணெல்லாம் கெட்டுடும்."

பெரிய டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரையை வெறித்துப் பார்த்துவிட்டு, "நானும் பட்டைய யோசிச்சிருக்கணும்" என்றார். "நீங்க போட்ட நம்பர்னா நான் திரும்பப் பாக்கறதே இல்ல." டிரைவர் கேஸை அழித்துவிட்டு மறுபடி கணக்குப் பார்த்தார். அரையே போதும் என்று வந்தது. பக்கத்து மேஜைப் பெண் அழுதுகொண்டிருந்தாள். கல்லு அக்கா அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, டாக்டரிடம் சொல்லியாயிற்று, இவரிடம் சொல்லாமல் இருந்தால் நாம் மனுஷியே இல்லை என்று மனசு குடைந்துகொண்டே வந்தது. மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். டிப்போச் சட்டையில் பொத்தான் ஒன்று அறுந்துபோயிருந்தது. அவள் ஊசியை வாங்கி வைத்தாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

சொன்னாள். மென்று முழுங்காமல், முதலில் வந்த நாலரையையும், பிறகு வந்த மூன்றரையையும், பட்டை கட்டிய கண் நீளும் என்று தனக்குத் தெரிந்திருந்ததையும், தெரிந்தும் தான் எதைத் தூக்கிப் போட்டாள் என்பதையும் சொன்னாள். சொல்லும்போது முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள முயன்றாள். முடியவில்லை.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவர் முகத்தில் வந்தது கோபமில்லை. திருடனைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அது தான்தான் என்கிற மாதிரி ஒரு திகைப்பு.

"மொதல்ல வந்தது சரியான அளவா?" என்றார்.

"ஆமாங்க."

"மொதல்ல நான் புள்ளியத்தான் பாத்தேன்" என்றார் மெதுவாக. "நீ சொன்னபடி. அப்ப உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. எனக்கு பயமா போயிடுச்சு. அப்பறம் புள்ளியப் பாக்க முடியல. உன்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். கொஞ்சங்கொஞ்சமா உன் மூஞ்சி தெளிஞ்சுது. எத்தனை மாசத்துக்கு அப்பறம் சிரிச்ச. சரி, இப்படிப் பாத்தாத்தான் சரியா வருது போலன்னு, கண்ண அங்கேயே வச்சுக்கிட்டேன். அசைக்கவே இல்ல."

அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. நேராக நின்ற கண் உண்மையைச் சொன்னது. தன்னைப் பார்த்துச் சாய்ந்த கண், தான் ஆசைப்பட்டதைச் சொன்னது. தான் திரையைப் பார்த்துச் சிரிக்க, அவர் தன் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். எத்தனை வருஷமாக எத்தனையோ பேரிடம் காட்டாமல் வைத்திருந்த முகம், காட்டக் கூடாத அந்த ஒரு நேரத்தில் காட்டிக்கொடுத்துவிட்டது.

"அப்ப தப்பு என்னுதுதான" என்றார் அவர். "நீ படிச்சுப் படிச்சு சொல்லுவ, மூஞ்சியப் பாக்காதீங்கன்னு. நான் கேக்கல."

"இல்லங்க."

"இரு." அவர் நாற்காலியை இழுத்து நேராகப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அவள் தலைக்குப் பின்னால் சுவரில் எதையோ தேடினார். அங்கே ஒரு ஆணி அடித்த தடம் இருந்தது. இரண்டு கண்ணையும் அகலத் திறந்து அதன் மேல் வைத்துக்கொண்டார். அவருக்கு அது இரண்டாகத்தான் தெரிந்திருக்கும்.

"இன்னொரு தடவ அளந்து பாரு" என்றார். "இந்தத் தடவ அசைய மாட்டேன். புள்ளியையே பாக்கறேன்."